கவிழ்த்து வைத்துச் சொன்ன ஆய்வு

அப்பாவும் அம்மாவும் வைத்த பெயர் அவளுக்கு ஒன்று இருந்தது. அலுவலகத்தில் அதைச் சொல்லி விசாரித்தால் அப்படி யாரும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். சுருக்கம்மா என்றால்தான் தெரியும். டாக்டர்களும் பேராசிரியர்களும் வருஷக்கணக்கில் ஆராய்ந்து, நீட்டி முழக்கி எழுதுகிற கட்டுரைகளைப் படித்து, சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி ஒரே பக்கத்தில் எழுதித் தருவது அவள் வேலை. ஆஸ்பத்திரியில் நம் முறை வரும்வரை காத்துக் கிடக்கும்போது மேசைமேல் மெல்லிசாக ஒரு பத்திரிகை கிடக்குமே, படத்தைப் பார்த்துவிட்டு அதாலேயே விசிறிக்கொள்வோமே, அதில் வருகிற பக்கங்கள் அவளுடையவை. விசிறிக்கொண்டவர்களைப் பற்றி அவளுக்கு வருத்தமில்லை. பத்துப் பேர் விசிறினால் ஒருவராவது படிப்பார் என்பாள்.

கேட்கச் சுலபமாகத்தான் இருக்கும். அதில் ஒரு கண்டிப்பு உண்டு. கண்டுபிடித்தது டாக்டர், அதனால் அவர் பெயரைக் கீழே போட்டே ஆக வேண்டும். ஆனால் மேலே எழுதுகிற ஒவ்வொரு சொல்லும் எழுதுகிறவளுடையதாக இருக்க வேண்டும். டாக்டரின் வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போட்டால் அது திருட்டு. அதைப் பிடிக்கக் கம்ப்யூட்டரில் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். எழுதியதை அதற்குள் போட்டால், எங்கிருந்தாவது எடுத்த வரிகள், ஒன்றிரண்டு சொல்லை மாற்றியிருந்தாலும், சிவப்பாகிவிடும். யாராவது மாட்டிக்கொண்டால், "என்னப்பா, சிவந்து போச்சாமே!" என்று டீ குடிக்கும் இடம்வரை கேலி வரும். சுருக்கம்மாவின் பக்கம் ஒரு நாளும் சிவந்ததில்லை.

அதற்குக் காரணம் அவள் கெட்டிக்காரத்தனம் மட்டுமல்ல, அவள் புருஷன்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் தொங்கிவிட்டு, சாயங்காலம் வந்து, சமையலறைத் தொட்டியில் முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்ப்பார். கிரீஸ் லேசில் போகாது. அவர் தேய்க்கிற நேரத்தில் அவள் அன்றைக்குப் படித்த கட்டுரையை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, பார்க்காமல் அவருக்குச் சொல்வாள்.

"தொடர்ச்சியான தூக்கக் குறைபாடு ஞாபகத்தை ஒருங்கிணைக்கிறதைப் பாதிக்குதுங்க."

"அப்படின்னா?"

"அதாவது, நாலஞ்சு நாள் சரியா தூங்கலைன்னா பகல்ல படிச்சது மண்டையில தங்காது."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்னு அவங்க சொல்லல. நிறைய பேருக்கு."

"ஆங், இப்பதான் தரைக்கு வந்திருக்க. முதல்ல எட்டாவது மாடியில நின்னு கத்தின. கீழ இருக்கிறவனுக்கு என்ன கேட்கும்?"

அவருக்குப் புரிகிறவரை சொல்லிவிட்டு, சொன்ன சொல்லையே உட்கார்ந்து எழுதிவிடுவாள். பிறகுதான் கட்டுரையை நிமிர்த்துவாள். எண் சரியா, 'சிலர்' என்று இருந்ததைப் 'பலர்' ஆக்கிவிட்டேனா, 'இருக்கலாம்' என்றதை 'இருக்கிறது' ஆக்கிவிட்டேனா என்று பார்ப்பாள். பிறத்தியார் சொல்லைத் தன் சொல் என்பது ஒரு திருட்டு என்றால், தன் சொல்லைப் பிறத்தியார் வாயில் வைப்பது அதைவிடப் பெரிய திருட்டு என்பது அவள் கட்சி. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவளை யாராலும் அசைக்க முடியாது.

போன மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். நெஞ்சுதான். பிள்ளை குட்டி இல்லாத வீடு. இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்த இடத்தில் ஒருவர் போனால் பாதிப் பேச்சா மிஞ்சும்? முழுசும் போய்விடும். ஆனால் வேலை இருக்கிறதே. கட்டுரையைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். சுவர் கேள்வி கேட்காது. பக்கங்கள் கொஞ்சம் கொஞ்சமாக மாடியேறின.

அப்படி ஒரு சாயங்காலம் கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, தொட்டிப் பக்கமிருந்து கேட்டது.

"அப்படின்னா?"

சத்தமாக இல்லை. தொண்டையில் கொஞ்சம் கரகரப்போடு, அவருக்கே உரிய அலுப்போடு. அவள் பாட்டுக்குப் பதில் சொல்லிவிட்டாள். சொல்லி முடித்த பிறகுதான் கேட்டது யார் என்று உறைத்தது. திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு எழுதிய பக்கம் நன்றாக வந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கட்டுரைக்கும் அது வந்தது. அந்த ஒரு சொல்தான். சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை, எப்படி இருக்கிறாய் என்று கேட்டதில்லை. இருக்கும்போது மட்டும் கேட்டாராக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்களே என்று ஒரு பயம். சொன்னால் அது போய்விடுமோ என்பது அதைவிடப் பெரிய பயம். அந்த ஒரு சொல்லையும் விட்டால் வீட்டில் குழாய்ச் சத்தம்தான்.

இப்படி இருக்கும்போதுதான் பத்திரிகை ஆசிரியர் அந்தக் கட்டுரையைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார். நல்ல மனுஷர். பேசும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருப்பார், போட்டுக்கொண்டு யாரும் பார்த்ததில்லை.

"பிரமை பத்தி, சுருக்கம்மா. பைத்தியம், கிறுக்கு, அந்த மாதிரி இல்ல. துணையை இழந்தவங்களுக்கு வர்றதாம். பாவம், மனசு கரையற விஷயம். நீங்க எழுதினா நல்லா இருக்கும்."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். யாரிடம் சொன்னோம் என்று அவருக்கு உறைக்கவில்லை. துடைத்துக்கொண்டே இருந்தால் எப்படித் தெரியும்?

அவள் படித்தாள். புருஷனையோ பெண்டாட்டியையோ பறிகொடுத்த பல பேரை உட்காரவைத்துப் பேசியிருந்தார்கள். அவர்களில் பலருக்கு இறந்தவரின் குரல் கேட்டிருக்கிறது. சிலருக்குக் காலடிச் சத்தம். சிலருக்குப் பக்கத்தில் ஆள் இருக்கிற மாதிரி ஒரு உணர்வு. சிலர் பயந்திருக்கிறார்கள், ஆனால் பலருக்கு அது ஆறுதலாகவே இருந்திருக்கிறது. இதை வைத்து மட்டும் ஒருவருக்கு மனநோய் என்று சொல்லக்கூடாது, நெடுநாள் கேட்டுப் பழகியதை மூளை தானாகவே எதிர்பார்த்து நிரப்பிக்கொள்வதாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். பலர் இதைப் பெற்ற பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை என்றும் இருந்தது.

நாம் மட்டும் இல்லை என்று ஒரு பக்கம் நெஞ்சு லேசானது. இன்னொரு பக்கம், பூட்டிய வீட்டுக்குள் யாரோ புகுந்து எல்லா விளக்கையும் போட்டுவிட்ட மாதிரி இருந்தது.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? கட்டுரையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நீங்க இல்லைங்க, என் மூளை பண்ற வேலைங்க" என்று முகத்துக்கு நேரே சொல்வதா? அதற்கும் அவர் அப்படின்னா என்று கேட்பாரே. கேட்டால் விளக்க வேண்டும். விளக்கிவிட்டால் அப்புறம் அவர் எந்த முகத்தோடு வருவார்? வந்திருக்கிற விருந்தாளியிடம் நீ வரவே இல்லை என்று சொல்கிற ஜன்மம் உண்டா?

அதனால் முதல் முறையாக அவள் கட்டுரையை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. அலுவலகத்திலேயே அதைக் கண்ணெதிரில் விரித்து வைத்துக்கொண்டு எழுதினாள். துக்கம் என்றிருந்த இடத்தில் சோகம், அடிக்கடி என்றிருந்த இடத்தில் பலமுறை, பிரமை என்ற இடத்தில் மாயத்தோற்றம். முன்னால் இருந்ததைப் பின்னால் போட்டாள், பின்னால் இருந்ததை முன்னால் இழுத்தாள். மத்தியானத்துக்குள் முடித்துக் கொடுத்துவிட்டாள்.

சற்று நேரத்தில் ஆசிரியர் கூப்பிட்டார். கம்ப்யூட்டர்த் திரையைத் திருப்பிக் காட்டினார். வெற்றிலை போட்டுத் துப்பின மாதிரி இருந்தது பக்கம்.

"என்னம்மா இது? மெஷின்தான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு ரெண்டு தடவை போட்டுப் பார்த்தேன்."

"வார்த்தையெல்லாம் மாத்தித்தானே சார் எழுதியிருக்கேன்? கீழ அவங்க பேரும் போட்டிருக்கேன்."

"பேர் போட்டா விஷயம் யாரோடதுன்னு தெரியும். வாக்கியம் யாரோடது? நீங்க பொத்தானை மட்டும் மாத்தியிருக்கீங்க. சட்டை அவங்களோடதுதான்." கண்ணாடியைத் துடைத்தார். "புதுசா வந்தவங்களுக்கு இதை நீங்கதானே சொல்லிக் கொடுப்பீங்க? பார்த்து எழுதாதே, மூடி வச்சுட்டு எழுதுன்னு?"

"ஆமா சார்."

"உடம்பு கிடம்பு சரியில்லையா? வேற யார்கிட்டயாவது கொடுத்துடட்டுமா?"

வேறு யாரிடமாவது. பக்கத்து மேசைக்காரன் 'இருக்கலாம்' எல்லாவற்றையும் 'இருக்கிறது' ஆக்கிவிடுவான். காத்திருக்கும் அறையில் உட்கார்ந்து எந்தப் பெண்ணோ அதைப் படித்துவிட்டுத் தனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைப்பாள்.

"வேணாம் சார். காலையில தந்துடறேன்."

பஸ்ஸில் மடியில் கட்டுரையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரிடமாவது வாய்விட்டுச் சொன்னால்தான் எழுத வரும், அது அவளுக்குத் தெரியும். அவரிடம் சொல்ல முடியாது. வேறு யார் இருக்கிறார்கள்? அலுவலகத்துச் சிநேகம் பஸ் நிறுத்தத்தோடு சரி. பக்கத்து வீட்டுக் கதவு எந்நேரமும் சாத்தியிருக்கும். குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டு உயிரை எடுக்கிற ஆள் வேண்டும். அப்படி ஒருத்தி இருக்கத்தான் இருந்தாள், அவர் கூடப்பிறந்த அக்கா. அவர் போனபிறகு இரண்டு பேரும் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கவில்லை. தன் நிறுத்தத்துக்கு முன்னாலேயே இறங்கிவிட்டாள்.

நாத்தனாரும் ஒண்டிக்கட்டைதான். கடையில் வாங்கின பேண்ட்டுகளுக்கு நீளம் குறைத்துக் கொடுக்கிறவள். முன்னறை முழுக்க ஊர்க்காரர்களின் கால்கள் தொங்கின. டிவி யாரும் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தது.

"அடடா, வழி தெரிஞ்சுடுச்சா?" மெஷினை நிறுத்தாமலே கேட்டாள்.

"எப்படி இருக்கீங்க அண்ணி?"

"உக்காரு. அந்த பேண்ட்டை நகர்த்திட்டு உக்காரு. மடிப்பு கலையாம நகர்த்து. என்ன, எதுக்கு வந்த? காரியம் இல்லாம வர மாட்டியே நீ."

"ஒரு கட்டுரை சொல்லணும். கேட்கறீங்களா?"

"கட்டுரையா? என் தம்பி தலையில கொட்டிக்கிட்டிருந்தியே, அதா? சரி, கொட்டு. டிவியில மட்டும் என்ன வாழுது." எழுந்துபோய் அதை அணைத்தாள்.

சுருக்கம்மா தாளைக் கவிழ்த்து வைத்தாள். சொன்னாள். துணை போனவர்களை விசாரித்தது, குரல் கேட்பது, காலடி கேட்பது, பயப்படுகிறவர்கள், ஆறுதல் அடைகிறவர்கள்.

"இருடி. செத்தவன் பேசறான்னு சொல்றியா? டாக்டரா இப்படி எழுதியிருக்கான்?"

"பேசறாங்கன்னு சொல்லல. பேசற மாதிரி இவங்களுக்குக் கேட்குதுன்னு சொல்றாங்க."

"கேட்குதுன்னா கேட்குது. மாதிரி என்ன மாதிரி?"

"ரொம்ப நாள் கூடவே இருந்து கேட்டுக் கேட்டு, காது காத்துக்கிட்டே இருக்குமாம் அண்ணி. ஆள் வர்ற நேரம் ஆச்சுன்னா, ஆள் வராமலே காது கேட்டுக்குமாம். அப்படி இருக்கலாம்னு சொல்றாங்க. உறுதியா சொல்லல."

"கிறுக்கு இல்லையா அப்போ?"

"இது மட்டும் இருந்தா கிறுக்குன்னு சொல்லக் கூடாதாம்."

"அப்போ எல்லாருக்கும் வரும்."

"எல்லாருக்கும் இல்ல. பலருக்கு."

மெஷின் நின்றது. நாத்தனார் ஊசிக்கு அடியிலிருந்து துணியை இழுத்து எடுத்து, வெட்டாத நூலோடு அப்படியே மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு ஏன் வரல?"

சுருக்கம்மா கவிழ்த்த தாளை நேராக்கி வைத்தாள்.

"உனக்கு அவன் பாதியில வந்தவன்டி. எனக்குப் பொறந்ததுலேருந்து. இடுப்புல தூக்கிச் சுமந்து என் இடுப்பே கோணிப்போச்சு. எனக்கு ஒரு இருமல் சத்தம்கூடக் கேட்கலையே. ஏன்?" பிறகு தலையைச் சாய்த்து அவளையே பார்த்தாள். "உனக்கு வருதா?"

இத்தனை நாள் வாயைக் கட்டி வைத்திருந்தவள். பொய் சொல்லியிருக்கலாம். தலை தானாக ஆடிவிட்டது.

"என்ன சொல்றான்?"

"ஒண்ணும் இல்ல. நான் கட்டுரை சொல்லும்போது, அப்படின்னான்னு கேட்பார். அவ்வளவுதான்."

நாத்தனார் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாகிவிட்டது. "அவனேதான். மண்டு. பள்ளிக்கூடத்துலயும் அதேதான் கேட்பான்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அவன்கிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுடி. என் மேல இன்னும் கோவமா இருக்கானான்னு கேளு."

விஷயம் இதுதான். அவர் மூச்சு வாங்குது, படியேற முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்களில், லிஃப்ட் மெக்கானிக்குக்குப் படியேற வலிக்குதாம், எல்லாம் நடிப்பு என்று அக்காக்காரி சொல்லிவிட்டாள். அது அவர் காதுக்குப் போனது. அதோடு பேச்சு நின்றது. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, அவன் கூப்பிடட்டும் என்று இவள் இருந்தாள். கூப்பிட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

"அப்படியெல்லாம் கேட்க முடியாது அண்ணி. அவர் பதில் சொல்ல மாட்டார்."

"கேட்டுப் பாரு."

"கேட்டாலும் வர்றது அந்த ஒரு சொல்தான்."

"சரி, அப்போ நீயே சொல்லு. கோவம் இல்லன்னு சொன்னான்னு சொல்லிடு. பொய்யா இருந்தாலும் பரவாயில்ல. நான் என்ன, உங்க ஆபீஸ்ல மாதிரி மெஷின்ல போட்டா பார்க்கப்போறேன்?"

எதிரில் உட்கார்ந்திருந்தவள் கண் கலங்கியிருந்தது. ஒரு வாய்ச்சொல்தானே, சொல்லிவிட்டுப் போகலாம், வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். சுருக்கம்மாவால் முடியவில்லை.

"அவர் சொல்லாததை அவர் வாயில வைக்க மாட்டேன் அண்ணி."

"பெரிய அரிச்சந்திரி."

"ஆனா அவர் சொன்னது ஒண்ணு இருக்கு. அதை வேணா சொல்றேன். என் வார்த்தை ஒண்ணுகூட இல்ல, அவர் சொன்னபடியே சொல்றேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின அன்னைக்கு, செருப்பு மாட்டிக்கிட்டே சொன்னார். கதவைப் பூட்டிட்டுப் போகாத, அக்கா வந்தாலும் வருவா. வந்தா தட்ட மாட்டா, அவளுக்கு ரோஷம் ஜாஸ்தி. தட்டாமலே திரும்பிப் போயிடும் கழுதை."

தொங்கின பேண்ட்டுகள் காற்றில் லேசாகக் கால் மாற்றி நின்றன.

"கழுதைன்னா சொன்னான்?"

"கழுதைன்னுதான் சொன்னார்."

"சொல்லும்போது மூச்சு வாங்குச்சா?"

"வாங்குச்சு."

"நடிப்புன்னு சொன்னேனேடி," என்றாள் நாத்தனார். மடியிலிருந்த துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அது யாருடைய பேண்ட்டோ, பாவம். நெடுநேரம் கழித்து நிமிர்ந்து, "ஏன் இத்தனை நாளா இதை வந்து சொல்லல?" என்றாள்.

"நீங்க வரல. நானும் வரல."

நாத்தனார் வெட்டுகிற பலகையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். சாக்குக்கட்டித் தூளைக் கையால் துடைத்துவிட்டு, சுருக்கம்மா அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். துணை போனபின் காது காத்திருக்கலாம் என்று எழுதினாள். ஆள் வருகிற நேரத்தில் ஆள் வராமலே கேட்கலாம் என்று எழுதினாள். பலருக்கு என்று எழுதினாள், எல்லோருக்கும் என்று எழுதவில்லை. எழுதி முடித்துத் தாளை நிமிர்த்தி, ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, கீழே ஆராய்ந்தவர்களின் பெயர்களைப் போட்டாள். தன்னைப் பற்றி ஒரு எழுத்துக்கூட அதில் வைக்கவில்லை. அது அந்த ஆய்வில் இல்லையே.

மறுநாள் பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஆசிரியர் இரண்டு தடவை படித்தார். "இது சுருக்கம்மா எழுத்து," என்று சொல்லிவிட்டு, முழங்கால் சிப்பி தேய்வதைப் பற்றி அடுத்த கட்டுரையைக் கையில் கொடுத்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். டீ போட்டுக் குடித்தாள். கட்டுரையைக் கவிழ்த்து வைத்தாள். தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, முழங்கால் குருத்தெலும்பின் சிதைவு விகிதம் என்று ஆரம்பித்தாள். வேண்டுமென்றே எட்டாவது மாடியிலிருந்துதான் ஆரம்பித்தாள், கேட்கட்டும் என்று.

ஒன்றும் கேட்கவில்லை.

கொஞ்சம் பொறுத்து அதையே இன்னும் கடினமாகச் சொல்லிப் பார்த்தாள். பக்கத்து வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் ஏறிப் போனது.

பாதிக்கு மேல் முழங்காலை விட்டுவிட்டாள். "உங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தேங்க," என்றாள். பதில் இல்லை. ஒரு விதமாகச் சொல்லிப் புரியாதவர்களுக்கு இன்னொரு விதமாகச் சொல்ல வேண்டும், அதுதானே அவள் தொழில். "உங்க அக்காகிட்ட நீங்க சொன்னதைச் சொல்லிட்டேன்," என்றாள். "கழுதைன்னதையும் சொன்னேன். அழுதாங்க," என்றாள். "உங்களைப் பத்தி வெளியில சொல்லிட்டேன், அதனால கோவமா?" என்றாள். இருக்கிற சொல்லையெல்லாம் மாற்றி மாற்றிப் போட்டு, நீட்டியும் குறுக்கியும், அதே சங்கதியை இருட்டுகிறவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.